மொழி யாருக்குக் கடினம்?

(திருவொற்றியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி கற்பதைப் பற்றி இவ்வூரில் நின்று பேசக் கிடைத்ததை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கைப்பிடித்த தலம் என்றும், பட்டினத்தடிகள் சமாதியடைந்த தலம் என்றும், இராமலிங்க வள்ளலார் தம் இளமையில் நடந்து நடந்து வந்து தொழுத தலம் என்றும் திருவொற்றியூரை நாடு முழுவதும் அறியும். ஆயினும் இத்தலத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதை இவ்வூராரே இன்று அதிகமாக நினைப்பதில்லை. பிற்காலச் சோழர் நாளைய கல்வெட்டுகள் இவ்வூர்க் கோயிலிலே ‘வியாகரணதான வியாக்கியான மண்டபம்’ என்றொரு மண்டபம் இருந்ததையும், பாணினி முனிவரின் வியாகரணம் அங்கே பாடம் சொல்லப்பட்டதையும், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் நிலம் விடப்பட்டதையும் கூறுகின்றன. இலக்கணத்தைத் தானமாக வழங்குவதற்கென்றே ஒரு மண்டபம் கட்டிய ஊர் இது.

இறைவன் பாணினிக்குப் பதினான்கு சூத்திரங்களை உபதேசித்தது இவ்வூரிலேதான் என்பது இத்தலத்தின் ஐதிகம். அந்தப் பதினான்கு சூத்திரங்களில் இருப்பவை எழுத்துகளின் ஒலி வரிசைகளே. அவற்றை அடிப்படையாக வைத்து ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களில் ஒரு பாஷை முழுவதையும் அம்முனிவர் அடக்கிக் காட்டினார். வியாகரணத்தைக் கற்றுத் தேறப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்லும். கோயிலுக்குள்ளே மாணாக்கர்கள் அவ்வாறு சூத்திரம் சூத்திரமாக ஓதிக்கொண்டிருந்த நாட்களிலேயே, கடற்கரையிலே படகோட்டிகளும் வணிகரும் இலக்கணம் ஒன்றையும் ஓதாமல் அயலாரோடு பேரம் பேசியிருப்பார்கள் என்று எண்ணுவது தவறாகாது. ஆகவே மொழி கற்பதற்கு நெடுங்காலமாகவே இரண்டு வழிகள் உண்டு. ஒரு மொழி கடினமா, எளிதா என்று கேட்கும்போது எந்த வழியைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

‘உலகத்திலேயே மிகவும் கடினமான மொழி எது?’ என்ற வினாவை மாணவர்கள் அடிக்கடி எழுப்புகிறார்கள். சிலர் சீனம் என்பர். சிலர் அரபு என்பர். தமிழே என்று பெருமையோடு சொல்லுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அமெரிக்க நாட்டின் வெளியுறவுத் துறை தன் உத்தியோகஸ்தர்களுக்கு அயல்மொழிகளைப் பயிற்றும் நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. பல்லாண்டு அனுபவத்தைக் கொண்டு அவர்கள் ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். ஸ்பானிய மொழியும் இத்தாலிய மொழியும் அலுவலுக்குப் போதுமான அளவில் கைவர 24 முதல் 30 வாரங்கள் ஆகும். தமிழ், தெலுங்கு, ஹிந்தி முதலியவற்றுக்கு 44 வாரங்கள், அதாவது சுமார் 1,100 மணி நேர வகுப்பு வேண்டும். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 88 வாரங்கள், 2,200 மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. இதைப் படித்தவர்கள் பலர் மொழிகளுக்கெல்லாம் தரம் பிரித்து முத்திரை குத்திவிட்டதாக எண்ணிக்கொள்ளுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர்களுக்கென்று போடப்பட்டது. அதைத் திருவொற்றியூரில் உட்கார்ந்து நாம் போட்டிருந்தால் வரிசை முழுவதும் வேறாக இருந்திருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஆங்கிலேயர் அஞ்சுகின்ற ஜப்பானிய மொழியையே பாருங்கள். அதன் எழுத்து நமக்கும் பெரும் பாரந்தான், மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தின் நடை நம் நடை. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று நாம் சொல்லும் வரிசையிலேயே அவர்களும் சொல்லுவார்கள். ஆங்கிலேயனோ புத்தகத்தை முன்னே வைத்து, இணைப்புச் சொல் ஒன்றைப் போட்டு, வாங்கிய செய்தியைப் பின்னே கொண்டுவந்து, தன் எண்ணத்தையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர முடியும். கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டு வியந்த ஹல்பர்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1905-இல் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவருடைய முடிவு நிலைபெறவில்லை. ஆனால் அவர் கண்ட நடை ஒற்றுமை கண்கூடானது. ஆகவே கடினம் என்பது மொழிக்குள்ளே குடியிருக்கும் ஒரு குணமன்று என்றும், கற்பவனுடைய தாய்மொழிக்கும் கற்கப்படும் மொழிக்கும் இடையேயுள்ள தூரமே அது என்றும் நான் துணிந்து சொல்லுவேன். அந்தத் தூரமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இராது. ஒலியிலே தொலைவாக இருப்பது வாக்கிய அமைப்பிலே அண்டை வீடாக இருக்கலாம்.

இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. எர்ணாவூர்ப் பக்கத்திலே பர்மா நகர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பர்மிய மொழி பேசிப் பழகிய தமிழர்கள், 1964-இல் பர்மா அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கிய பிறகு, கைப்பொருளை விட்டுவிட்டு வந்து நம் மாநிலத்தில் பல இடங்களில் குடியேறினார்கள். பர்மிய மொழியிலும் வினை இறுதியிலேதான் வரும். அந்த வகையில் தமிழனுக்கு அது தொல்லை தராது. ஆனால் ஒரே அசையைக் குரலை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள் என்று வரும்போது, நாம் கோபத்துக்கும் கேள்விக்கும் வைத்திருக்கும் குரலேற்றத்தைச் சொல்லின் உயிராகவே கொள்ள வேண்டியிருக்கிறது. அதை இலக்கணப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது. காது பழக வேண்டும்.

காது பழகுவது என்பது எவ்வளவு சீக்கிரம் தொடங்கி எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் இருவர் 1984-இல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே பேசப்படும் வீடுகளில் பிறந்த குழந்தைகள் ஆறு, எட்டு மாதப் பருவத்திலே ஹிந்தியின் தகரத்தையும் டகரத்தையும் வேறு பிரித்து அறிகின்றன. ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே அந்தத் திறமை மங்கிப் போகிறது. வளர்ந்த ஆங்கிலேயனுக்குப் ‘பத்து’ என்பதும் ‘பட்டு’ என்பதும் ஒன்றுபோலவே கேட்பதன் காரணம் இதுவே. தேவையில்லாத வேற்றுமையைக் காது தள்ளிவிடுகிறது. பிற்காலத்திலே அந்த வேற்றுமை தேவைப்படும்போது அதை மீட்பதற்குப் பெருமுயற்சி வேண்டியிருக்கிறது.

இனி நம் தெருவுக்கு வருவோம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் கட்டட வேலையிலும் தொழிற்சாலைகளிலும் உணவு விடுதிகளிலும் உழைக்கிறார்கள். அவர்களை ‘ஹிந்திக்காரர்’ என்று ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகிறோம். அவர்களில் பலருக்குத் தாய்மொழி போஜ்புரி, மைதிலி, மகஹி; ஹிந்தி அவர்கள் பள்ளியிலும் பயணத்திலும் கற்றுக்கொண்ட இரண்டாம் மொழி. ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்களுக்கோ அது முற்றிலும் அயல்மொழி. ஆகவே நம் முன்னே நிற்கும் அந்தத் தொழிலாளி ஏற்கெனவே ஒரு மொழியைக் கற்றுத் தேர்ந்த மாணாக்கன் என்ற மரியாதையோடு அவனைப் பார்க்க வேண்டும்.

அவனுக்குத் தமிழில் எது கடினம்? தகர டகர வேற்றுமை அவனுக்குச் சுபாவமாகவே வரும். ஆனால் ஹிந்தியில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்தில்லை. ஆதலால் ‘கொடு’ என்பதற்கும் ‘கோடு’ என்பதற்கும், ‘பெறு’ என்பதற்கும் ‘பேறு’ என்பதற்கும் உள்ள பேதம் ஹிந்தி எழுத்தில் பழகியவனுக்கு எளிதில் புலப்படாது. ழகரம் எல்லோருக்கும் கடினம். நம்மவர்க்கே பலருக்கு அது வாயில் வருவதில்லை என்பதால் அதைக் காட்டி அயலாரை அச்சுறுத்துவது நியாயமாகாது. ளகரமோ ஒடியா மொழியில் உண்டு. ‘பல்லி’யையும் ‘பள்ளி’யையும் பிரித்துக் கேட்பதில் புவனேசுவரத்து இளைஞனுக்கு உள்ள வசதி பாட்னாவின் இளைஞனுக்கு இல்லை. வங்காளியும் ஒடியரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வினைமுற்றை மாற்றுவதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்ற வேறுபாடும் அவர்கள் பிரதிப்பெயரில் கிடையாது. ஆகையால் தாயைக் குறித்து ‘வந்தான்’ என்று ஒருவன் சொன்னால் அதில் அவமரியாதை ஏதும் இல்லை. அவனுடைய மொழியின் பழக்கம் அவன் நாவை இழுக்கிறது, அவ்வளவே.

‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் மற்றொரு சான்று. கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்லும் ‘நாம்’, அவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என்ற இந்தப் பாகுபாட்டை ஹிந்திக்காரருக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பல தலைமுறைகளாக வடசென்னையில் வாழும் தெலுங்குக் குடும்பத்தாருக்கு அது ‘மனமு’, ‘மேமு’ என்று வீட்டிலேயே இருக்கிறது. சௌகார்பேட்டைக் குஜராத்தி வணிகருக்கும் இருக்கிறது. குஜராத்தியும் மராத்தியும் வட நாட்டு மொழிகளாயினும் திராவிட மொழிகளோடு கொண்ட நெடுநாள் உறவால் இதைப் பெற்றன என்பது மொழி நூலாரின் கருத்து.

நாம் ஹிந்தி கற்கப் புகுந்தால் சிரமம் திசை மாறிவிடும். மேசைக்கும் வீட்டுக்கும் சாலைக்கும் ஆண்பால் பெண்பால் பார்த்து வினையை முடிக்க வேண்டும். பகுத்தறிவைக் கொண்டு திணை பிரித்த நமக்கு அது மனனம் செய்யும் வேலையாகிவிடுகிறது. ககர வரிசையில் அவர்களுக்கு நான்கு ஒலிகள். நமக்கோ எழுத்து ஒன்றே. பாட்டைக் குறிக்கும் ‘கானா’வும் உணவைக் குறிக்கும் ‘கானா’வும் தமிழில் எழுதினால் ஒன்றாகவே நிற்கும். எண்களைப் பார்த்தாலோ நூறு வரையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியிருக்கிறது. அறுபத்தொன்பதுக்கு ‘உன்ஹத்தர்’, எழுபத்தொன்பதுக்கு ‘உன்யாசி’, எண்பத்தொன்பதுக்கு ‘நவாசி’. தமிழில் ஒன்று முதல் பத்து வரையிலும் பத்துகளின் பெயர்களையும் அறிந்தவன், தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஆகிய இரண்டு இடங்களில் சற்றே நின்று, மற்றவற்றைத் தானே கட்டிக்கொள்ளலாம். கூலி பேசவும் காய்கறி வாங்கவும் முதலில் வேண்டியது எண்ணே ஆகையால், இது புதிதாக வந்தவனுக்குத் தமிழ் செய்யும் பேருதவி.

தூரத்தைப் பற்றியே பேசிவிட்டேன். நெருக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘நான் பசிக்கிறேன்’ என்று நாம் சொல்லுவதில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். பிகாரியும் வங்காளியும் தெலுங்கரும் தத்தம் மொழியில் அவ்வாறே பசியைத் தமக்கு நேர்வதாகவே சொல்லுகிறார்கள். ‘புலி கிலி’ என்று நாம் அடுக்குவதுபோல அவர்கள் ‘சாய் வாய்’ என்று அடுக்குகிறார்கள். குடும்பங்கள் வேறாயினும் பல்லாயிரம் ஆண்டு ஒன்றாக வாழ்ந்ததனால் இந்நாட்டு மொழிகள் ஒரே பிரதேசத்தின் சாயலைப் பெற்றன என்பதை எமனோ என்ற பேரறிஞர் 1956-இல் எழுதிய கட்டுரையில் நிலைநாட்டினார். ஆகவே இலண்டனிலிருந்து வருகிறவனைக் காட்டிலும் பிகாரின் சப்ராவிலிருந்து வருகிறவன் தமிழுக்குப் பல படி கிட்டத்திலே நிற்கிறான். அவன் தமிழ் கற்கத் தடுமாறினால் அதற்கு முழுக் காரணத்தையும் இலக்கணத்தில் தேடிப் பயனில்லை.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் எழுதும் தமிழ் ஒன்று, வாயால் பேசும் தமிழ் ஒன்று என்று நாம் இரண்டை வைத்திருக்கிறோம். இதை முதலில் நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த அப்பெரியார் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினால் போதாது என்று கண்டு, பேச்சு வழக்காகிய கொடுந்தமிழுக்கு ஒன்றும் எழுத்து வழக்காகிய செந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் தரங்கம்பாடி அச்சகத்தில் 1738-இல் அச்சேறியது. நம் குழந்தைகள் கேட்டு மகிழும் பரமார்த்த குரு கதை, புதிதாக வந்த பாதிரிமார் பேச்சுத் தமிழில் பழகுவதற்காக அவர் எழுதிய பாடப் பகுதியே என்பதைப் பலர் அறியார். அது 1822-இல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் வெளிவந்தது. இவ்வாறு இரட்டை வழக்கு உடைய மொழிகளைப் பற்றி ஃபெர்குசன் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைத்தியின் மொழி ஆகிய நான்கை விரிவாக எடுத்துக்கொண்டது. தமிழும் அவற்றோடு ஒரே பந்தியில் உட்காரத் தக்கதே.

இந்த வட்டாரத்திலே அந்த இடைவெளி இன்னும் அகலம். முப்பது நாளில் தமிழ் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை வாங்கிப் ‘பேருந்து எங்கே இருக்கிறது?’ என்று பாடம் செய்துகொண்டு ஓர் இளைஞன் வருகிறான். தேரடியில் ஒருவரைக் கேட்கிறான். ‘இன்னாபா வோணும்? பஸ்ஸா? அத்தோ அப்பால நிக்கிது பார், அங்க கீது’ என்று அன்போடுதான் விடை வருகிறது. அவன் படித்த ‘இருக்கிறது’ என்ற சொல் அந்த விடையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லுவார்? ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று புத்தகத்தில் உள்ளது தெருவிலே ‘வந்துனுகீறேன்’ என்று ஓடுகிறது. படித்தவர்கள் சிலர் இந்தப் பேச்சை இழிவாகக் கருதுவது உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. துறைமுகத்தின் பேச்சு இது. நாஸ்டாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தன, நைனா தெலுங்கிலிருந்து வந்தான், துட்டு ஒல்லாந்தரின் காசிலிருந்து வந்தது. சாவியும் அலமாரியும் போர்த்துகீசியரிடம் பெற்றவை, வடநாட்டாரும் அவற்றை அவர்களிடமே பெற்றார்கள். செந்தமிழில் தட்டித் தடவி நிற்கிறவன் நம் தெருத் தமிழில் தனக்குத் தெரிந்த முகங்கள் பலவற்றைக் காண்பான். கற்பிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுவே. எழுத்துத் தமிழ் இரண்டாம் படியில் வரட்டும்.

கற்பிப்பவர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9-ஆம் நாள் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கே அழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பத்தாண்டுக்குள் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. அந்த முயற்சியைப் பாராட்டும்போது அவருக்குக் கிடைத்த ஆசிரியரையும் அந்தப் பிள்ளைகளையும் நாம் மறத்தல் ஆகாது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1812-இல், கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னைக் கோட்டையின் கல்லூரி ஏற்பட்டபோது, கும்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப் பண்டிதர்கள் நியமிக்கப்பட்டார்கள். பரீட்சையில் தேறினால் சம்பளமும் உயர்ந்தது. ஆட்சி செய்ய வந்தவனுக்கு அத்தனை வசதி செய்துகொடுத்த இந்த நகரம், உழைக்க வந்தவனுக்கு என்ன வசதி செய்து கொடுத்திருக்கிறது? பகல் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு, பத்துப் பேர் தங்கும் அறைக்குத் திரும்புகிறவனுக்கு ஆசிரியர் இல்லை, நேரம் இல்லை, பரீட்சையும் பரிசும் இல்லை. அவன் தமிழ் பேசவில்லை என்று மட்டும் குறை சொல்லுகிறோம்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஒன்றுண்டு. அவன் தட்டுத் தடுமாறித் தமிழில் ஒரு வாக்கியம் தொடங்குகிறான். தொடங்கியவுடனேயே நம்மவர் தமக்குத் தெரிந்த நான்கு ஹிந்திச் சொற்களால் அவனுக்கு விடை சொல்லிவிடுகிறார்கள். உதவி செய்யும் எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அவன் கையிலிருந்த அப்பியாசத்தை அந்தக் கணமே பறித்துவிடுகிறார்கள். பிழையாகப் பேசினால் சிரிக்கிறவர்களோ அவன் நாவையே கட்டிவிடுகிறார்கள். ஒரு மொழியைப் பிறர் கற்க முடியாமற்போவதற்கு அதன் சொந்தக்காரரே காரணமாவது இப்படித்தான். தமிழ் கற்பது கடினம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் ஒருவனை வாசலிலேயே நிறுத்துகிறோம்.

பாதுகாப்பு என்ற நோக்கிலும் இதை ஆலோசியுங்கள். இயந்திரத்தின் அருகே நிற்கிறவனுக்கு ‘கையெடு’, ‘நகரு’, ‘நிறுத்து’ என்ற மூன்று சொற்கள் விளங்காவிட்டால் விரல் போகும், உயிரும் போகும். பள்ளியை எடுத்துக்கொண்டாலும் மொழிக் குறை தெரியும். அவனுடைய பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறது; அந்தக் குழந்தை ஓராண்டில் தமிழைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பள்ளிக்கு வரும் தாய் ஆசிரியையிடம் ஒரு வார்த்தையும் பேச முடியாமல் நின்றுவிட்டுப் போகிறாள்.

ஆகவே இந்த அவையை நான் வேண்டிக்கொள்வது இது. இவ்வூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, நூலகமும் பள்ளிக் கட்டடங்களும் மாலையில் சும்மா கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, விடுமுறை நாளில் ஒரு காலை, பேச்சுத் தமிழ் வகுப்பு நடத்துங்கள். நன்னூலைக் கையில் எடுக்க வேண்டாம். எண்ணும் விலையும் வழியும் வலியும் சொல்லிக் கொடுங்கள். பர்மாவிலிருந்து வந்து புதிய ஊரில் காலூன்றிய குடும்பத்துப் பெரியவர்களை அந்த வகுப்புக்கு அழையுங்கள். அயல்மொழிக்குள் வாழ்வது எப்படி என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர் இங்கே இல்லை. வகுப்பெடுக்க முடியாதவர்கள் கடையிலும் பேருந்திலும் பட்டறையிலும் அவர்கள் தமிழில் தொடங்கும் வாக்கியத்தை முடிக்கும் வரையில் பொறுத்திருந்து, நிதானமாக, தமிழிலேயே விடை சொல்லுங்கள்.